பிறர் வீட்டு மேசையில் ஒரு பள்ளி

அயல்நாடு சென்று கற்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அலுவல் நிமித்தம் செல்வோர் உண்டு. மறைபணிக்கெனப் புறப்படும் அருட்சகோதரிகளும் உண்டு. இவர்களுள் ஒருவர் ஸ்பானிய மொழி கற்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எழும் முதற் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இராது, "தங்குவது எங்கே?" என்பதாகவே இருக்கும். "முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரோடு, அவர்கள் வீட்டிலேயே" என்று விடை வந்தால் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. விடுதி கிடையாதா? கன்னியர் மடம் ஒன்றும் அருகில் இல்லையா? அந்நியர் சோற்றை உண்டு, அந்நியர் கூரையின் கீழ் உறங்கித்தான் ஒரு மொழியைக் கற்க வேண்டுமா?

இக்கவலை இயல்பானதே, அதனை நாம் எள்ளி நகையாடோம். ஆயினும் இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது இது: மொழிப்பள்ளியின் பாதி அந்த வீட்டில்தான் நடைபெறுகிறது. அங்கே கற்பதும் மொழி ஒன்றை மட்டுமன்று. பிறர் தயவில் வாழ்வது எத்தகையது என்பதை, நன்கு படித்தவர்களும் வளர்ந்தவர்களும் அங்கேதான் மீண்டும் ஒருமுறை உணர்கின்றனர்.

ஸ்பானிய மொழி ஏறத்தாழ 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குகிறது. கற்பிக்கும் நகரங்களும் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம்.

எரிமலைகளின் நடுவே

மெக்சிக்கோவுக்குத் தெற்கே உள்ள சிறு நாடு குவாத்தமாலா. அதன் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில், ஆந்திகுவா என்னும் பழைய நகர் அமைந்துள்ளது. அதன் அருகே மூன்று எரிமலைகள் நிற்கின்றன. ஒன்றன் பெயர் ஆகுவா, அதாவது 'தண்ணீர்'. இன்னொன்றன் பெயர் ஃபுவேகோ, அதாவது 'நெருப்பு'. மூன்றாவது அக்கத்தேனாங்கோ. 1541-இல் ஆகுவா மலைச்சரிவிலிருந்து பாய்ந்த வெள்ளமும் சேறும் அன்றைய தலைநகரை அழித்தன. அதற்குப் பதிலாக 1543-இல் எழுந்ததே ஆந்திகுவா. அதுவும் நிலைக்கவில்லை. 1773-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், இயேசுவுக்கு விருந்தளித்த புனித மார்த்தாளின் திருநாளன்று, பெரும் நிலநடுக்கம் நகரைச் சிதைத்தது. இன்றும் அதனைச் 'சாந்தா மார்த்தா நிலநடுக்கம்' என்றே வரலாறு குறிக்கிறது. 1776-இல் தலைநகர் வேறிடம் பெயர்ந்தது. இடிந்த ஆலயங்களும் கல் பாவிய தெருக்களும் எஞ்சிய இந்நகரை 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கடந்த அரை நூற்றாண்டாக இங்கே மொழிப்பள்ளிகள் பல தோன்றியுள்ளன. ஓர் ஆசிரியர், ஒரே மாணவர் என்பதே அவற்றின் முறை. காலையில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம், ஒரு சிறு மேசையின் இருபுறமும் இருவரும் அமர்ந்து பேசுவர். பின்வரிசையில் மறைந்துகொள்ள இடமே இல்லை! மதியம் மணி அடித்ததும் மாணவர் 'தம்' வீட்டுக்குத் திரும்புவார். அங்கே அவருக்கென ஓர் அறையும், ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஆறு நாளும் மூன்று வேளை உணவும் உண்டு. பள்ளியே இக்குடும்பங்களைத் தேர்ந்து, மாணவரை அனுப்பி வைக்கிறது.

2020-இல் கொள்ளைநோய் உலகை முடக்கியபோது பள்ளிகள் பல கணினித் திரையின் வழியே பாடம் நடத்தின. ஆசிரியரைத் திரைக்குள் கொணர முடிந்தது. வீட்டைக் கொணர முடியவில்லை. இழந்தது எது என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தனர்.

மீண்டும் குழந்தையாதல்

தம் நாட்டில் மருத்துவராகவோ பேராசிரியராகவோ விளங்கியவர், இவ்வீட்டு மேசையில் உப்பைக் கேட்கத் தெரியாமல் விழிக்கிறார். அவர் சொன்ன வினைச்சொல்லை ஐந்து வயதுச் சிறுமி திருத்துகிறாள். தம் மொழியில் நகைச்சுவை ததும்பப் பேசியவர், இங்கே 'ஆம்', 'இல்லை', 'நன்றி' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போகிறார். தாம் அறிவற்றவர் அல்லர் என்று மெய்ப்பிக்கவும் அவரிடம் சொல் இல்லை.

சொல்லில் மட்டுமா? வீட்டுப் புழக்கத்திலும் அவர் குழந்தையே. குவாத்தமாலாவின் வீடுதோறும் முற்றத்தில் 'பீலா' என்னும் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கும். நடுவிலுள்ள ஆழமான பகுதியில் நீர் தேங்கி நிற்கும்; பக்கத்துப் பகுதிகள் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஆனவை. நடுத்தொட்டியிலிருந்து சிறு பாத்திரத்தால் நீரை மொள்ள வேண்டுமேயன்றி, எச்சில் தட்டையோ சவர்க்காரக் கையையோ அதில் நனைத்தல் ஆகாது. கிணற்றடியிலும் தொட்டியடியிலும் வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கும். குழாயை மட்டும் அறிந்த மேனாட்டு மாணவருக்கோ வீட்டம்மாள் கைப்பிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

பிழைகள் சில வேளை சிரிப்பையும் மூட்டும். 'வெட்கமாயிருக்கிறது' என்று சொல்ல எண்ணிய ஆங்கில மாணவி, தன் மொழிச் சொல்லுக்கு ஒலியால் நெருங்கிய 'எம்பாரசாதா' என்பதைச் சொல்லிவிடுகிறாள். ஸ்பானியத்தில் அதற்குப் பொருள் 'கருவுற்றிருக்கிறேன்' என்பது! மேசையைச் சுற்றிலும் சிரிப்பொலி எழுகிறது. அச்சிரிப்பில் தானும் கலந்துகொள்பவள் மறுநாள் பத்துச் சொற்கள் கூடுதலாகப் பேசுகிறாள். முகம் சுளித்துத் தன் அறைக்குள் புகுந்துகொள்பவள், திங்கள் மூன்று தங்கினாலும் தேறுவதில்லை.

இந்நகரின் தெருக்களில் நடந்த புனிதர் ஒருவர் இங்கே நம் நினைவுக்கு வருகிறார். கானரித் தீவுகளில் 1626-இல் பிறந்து, 1651-இல் குவாத்தமாலாவை அடைந்த பேத்ரோ பெத்தான்கூர் என்பவரே அவர். குருவாக விரும்பி இயேசு சபையாரின் கல்லூரியில் சேர்ந்தார்; படிப்பு ஏறவில்லை; விலகினார். ஆனால் நோயுற்று எழுந்தோர் உடல் தேறும்வரை தங்க ஒரு மருத்துவமனையையும், ஏழைச் சிறாருக்குப் பள்ளியையும் அவரே நிறுவினார். 1667-இல் இறந்த அவரை 2002-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குவாத்தமாலாவிலேயே புனிதராக உயர்த்தினார். அவர் கல்லறை ஆந்திகுவாவின் புனித பிரான்சிஸ்கு ஆலயத்தில் உள்ளது. வகுப்பில் தோற்றவரும் மக்களிடையே பேசத் தகுதி பெறுவர் என்பதற்கு அவரே சான்று.

மறைபணியாளர்க்கும் இப்பாடம் தேவைப்பட்டது. 1961-இல், திருத்தந்தை 23-ஆம் அருளப்பரின் காலத்தில், வட அமெரிக்கத் துறவற சபைகள் தம் உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினரை இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமென உரோமையிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வாறு செல்வோர்க்கு மொழி கற்பிக்க, அந்நாளில் குருவாயிருந்த இவான் இல்லிச் அதே ஆண்டில் மெக்சிக்கோவின் குவெர்நவாக்கா நகரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். மொழி என்பது ஒலிகளால் மட்டும் ஆனதன்று, அதன் மௌனங்களையும் கற்க வேண்டும், அவற்றைக் கற்பதே கடினம் என்று அவர் மறைபணியாளர்க்கு இடித்துரைத்தார். பேசுவதற்கென்றே புறப்பட்டவர்கள் முதலில் வாய்மூடி இருக்கப் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. பிறர் வீட்டு மேசையைவிட அதற்கேற்ற இடம் வேறெது?

வீடு கற்பிக்கும் இலக்கணம்

தமிழ்ப் பிள்ளைக்கு அம்மேசையில் வியப்புகள் சில காத்திருக்கின்றன. 'மேசை' என்பதே ஸ்பானியத்தில் 'மேசா'. அலமாரி அங்கே 'அர்மாரியோ'. சமையலறை 'கோசீனா', நம் மூத்தோர் வழங்கிய 'குசினி'யை அது நினைவூட்டும். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பர். ஸ்பானியரும் 'பான்' என்றே சொல்வர். பாதிரியார் அங்கே 'பாத்ரே'. இது தற்செயலன்று. இச்சொற்கள் போர்த்துக்கீசியரோடு நம் கடற்கரைக்கு வந்து இறங்கியவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள்.

சொற்களைவிடச் சொல்லும் பாங்கிலே நெருக்கம் மிகுதி. நாம் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் வேறுபடுத்துகிறோம் அன்றோ? ஸ்பானியத்திலும் 'து' உண்டு, மதிப்புக்குரிய 'உஸ்தெத்' உண்டு. குவாத்தமாலாவில் நெருங்கிய தோழரிடையே வழங்கும் 'வோஸ்' என்ற மூன்றாவதும் உண்டு. யாரிடம் எதைச் சொல்வது என்பதை எந்நூலும் முழுமையாகக் கற்பிப்பதில்லை. வீட்டுப் பாட்டியை மருமகள் எப்படி அழைக்கிறாள், கடைக்காரரைத் தந்தை எப்படி விளிக்கிறார் என்று உற்றுக் கேட்டே அறிய வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இங்கே தடுமாறுவர். தமிழ்ப் பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வந்த நுண்ணுணர்வு.

'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்கிறோம். ஸ்பானியரும் அவ்வாறே காப்பியை எழுவாயாக்கி, 'எனக்கு' என்று தம்மைப் பின்னிறுத்திப் பேசுவர். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே. கண்ணாடிக் குவளை கைதவறினால், 'நான் உடைத்துவிட்டேன்' என்று அவர்கள் சொல்வது அரிது. 'அது என்னிடமிருந்து உடைந்துபோயிற்று' என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் உண்டு. பிழையை மறைப்பதற்கன்று அது. வேண்டுமென்று செய்யவில்லை என உணர்த்துவதற்கு. கேட்கும் வீட்டம்மாளும் அதை அவ்வாறே ஏற்றுக்கொள்கிறாள்.

பாடநூலில் பெரிதாக இடம்பெறாத வேறு சில தொடர்களும் உண்டு. ஏதேனும் கசப்பான செய்தியைச் சொல்ல நேர்ந்தால் குவாத்தமாலா மக்கள் 'ஃபீஹேசே கே' என்று தொடங்குவர். 'பாருங்கள், என்ன நடந்ததென்றால்' என்று நாம் இழுப்பதில்லையா, அதுபோல! 'அஓரீத்தா' என்றால் 'இதோ இப்பொழுதே' என்பது அகராதிப் பொருள். 'இதோ வந்துவிட்டேன்' என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதற்கு எவ்வளவு நேரமோ, அதற்கும் அவ்வளவு நேரம். நாளைய திட்டம் எதைக் கூறினும், 'ப்ரீமேரோ தியோஸ்' என்று சேர்த்துக்கொள்வர்; 'முதலில் கடவுள்' என்பது அதன் சொற்பொருள். ஆண்டவருக்குச் சித்தமானால் என்று நம் மூத்தோர் சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

உணவு முடிந்து எழும் ஒவ்வொருவரும் மேசையில் உள்ளோர்க்கு நன்றி கூறுவர். மற்றவர்கள் 'புவென் ப்ரோவேச்சோ', அதாவது 'உண்டது உடலுக்கு நலம் தருக' என்று மறுமொழி அளிப்பர். ஆனால் உடனே எழுவோர் குறைவு. உண்டபின் அவ்விடத்திலேயே அமர்ந்து உரையாடும் நேரத்திற்கென்றே ஸ்பானியத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'சோப்ரேமேசா'. கறுப்பு அவரைக் கூழும், கையால் தட்டிச் சுட்ட சோள ரொட்டியும் தீர்ந்தபின், பேச்சு மட்டும் மேசையில் எஞ்சியிருக்கும். மொழி உண்மையில் உள்ளே இறங்குவது அப்பொழுதுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கைப்பேசியோடு அறைக்கு விரையும் மாணவர், தாம் பணம் கட்டிய பாடத்தின் சிறந்த பகுதியைத் தாமே இழக்கிறார்.

காசுக்கு விருந்தா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. இவரோ மூன்று வாரமும் மூன்று திங்களும் தங்குகிறார். அதற்குப் பணமும் செலுத்துகிறார். அப்படியாயின் இது விருந்தோம்பலா, வாணிகமா?

இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை. அதில் இழிவும் இல்லை. அப்பணம் பெரும்பாலும் வீட்டம்மாளின் உழைப்புக்கான ஊதியம். பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் கூரைச் சீரமைப்புக்கும் அதுவே துணை. வீட்டை விட்டு வெளியேறாமலே பெண்ணொருத்தி ஈட்டும் வருவாய் எத்துணை மதிப்புடையது என்பது நம் இல்லத்தரசியர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆனால் பணம் வாங்குவது படுக்கைக்கும் உணவுக்கும் மட்டுமே. ஒரே சொல்லைப் பத்து முறை பொறுமையாகத் திரும்பச் சொல்வதற்கும், காய்ச்சல் கண்ட இரவில் கஷாயம் வைத்துக் கொடுப்பதற்கும் எந்தக் கட்டணப் பட்டியலிலும் இடமில்லை.

அந்த அம்மையாரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு மாணவர் வருகிறார். 'எந்த நாடு? உடன்பிறந்தோர் எத்தனை பேர்? சோறு பிடிக்குமா?' என்று எளிய சொற்களில் தொடங்கி, மெல்ல மெல்ல அவரைப் பேச வைக்கிறாள். அவர் தட்டுத்தடுமாறித் தம் கதையைச் சொல்லத் தொடங்கும் வேளையில், மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அடுத்த ஞாயிறன்று வேறொருவர் வாசலில் நிற்கிறார். 'எந்த நாடு? உடன்பிறந்தோர் எத்தனை பேர்?' மீண்டும் முதலிலிருந்து! கனிந்த உரையாடல்களையெல்லாம் விருந்தினர் தம் ஊருக்கு எடுத்துச் செல்கின்றனர். தொடக்கப் பாடமே அவளுக்கு எஞ்சுகிறது. பட்டமும் பதவியும் இல்லாத இந்த ஆசிரியை, விருந்தினரின் நாடுகளைப் பெரும்பாலும் காணப்போவதில்லை. மார்த்தாளைப் போல் அடுப்படியில் நின்றுகொண்டே மரியாளைப் போல் செவிமடுக்கவும் வேண்டிய கடமை அவளுக்கு.

ஆகவே விருந்தினர்க்கும் கடமை உண்டு. பணம் கட்டியாயிற்று என்று உணவகத்தில் போல் நடந்துகொள்வது பண்பாகாது. அவளைக் கேள்வி கேட்கவும் வேண்டும். அவள் பிறந்த ஊர் எது, ஆந்திகுவாவின் தவக்காலப் பவனியில் அவள் வீட்டார் எந்தத் தெருவில் வண்ண மரத்தூளால் கோலமிடுவர், சகல புனிதர் திருநாளன்று செய்யும் 'ஃபியாம்ப்ரே' என்னும் குளிர்ந்த கலவை உணவில் அவள் குடும்பத்தின் கைப்பக்குவம் எது? கேட்டுப் பாருங்கள், ஆசிரியை மலர்வாள், பாடமும் மலரும்.

யாருடைய மொழி?

இதுவரை கூறியவை இனியவை. இனி, சற்று நெஞ்சைத் தைக்கும் உண்மை ஒன்றையும் காண்போம். அம்மேசையில் கற்கும் ஸ்பானியம், அந்நாட்டில் எல்லார்க்கும் தாய்மொழி அன்று. குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் வழங்குகின்றன. ஆந்திகுவாவைச் சூழ்ந்த சிற்றூர்களில் கக்சிக்கேல் மொழி பேசப்படுகிறது. ஸ்பானியம் வெற்றி கொண்டோரின் மொழியாக வந்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அதுவே ஆண்டது. பாட்டிக்குத் தெரிந்த மொழியைப் பேத்தி மறந்துவிட்ட வீடுகள் பல. நாம் ஆவலோடு கற்கச் செல்லும் மொழியே வேறொரு நாவை ஊமையாக்கியிருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு மாற்றான வழியும் உண்டு. குவாத்தமாலாவின் முதல் ஆயர் பிரான்சிஸ்கோ மரொக்கீன், 1563-இல் இறந்தவர், மாயா மொழிகளைப் பயின்று அவர்கள் மொழியில் ஞானோபதேசம் அமைத்தவர். ஏறத்தாழ அதே காலத்தில் நம் முத்துக்குளித்துறையில் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. மரொக்கீனின் பெயரையே தாங்கி, 1960-களின் இறுதியில் ஆந்திகுவாவில் ஒரு மொழித்திட்டம் உருவாயிற்று. வெளிநாட்டார்க்கு ஸ்பானியம் கற்பித்து ஈட்டிய பொருளைக் கொண்டு, மாயா மக்களுக்கே மொழியியல் பயிற்சி அளித்து, அவர்கள் மொழிகளுக்கு அகராதியும் இலக்கணமும் ஆக்க அது துணைநின்றது. 1990-இல் மாயா மொழிகளுக்கென ஓர் அவையம் சட்டப்படி நிறுவப்பட்டது; 2003-இல் தேசிய மொழிகள் பற்றிய சட்டமும் வந்தது.

அருளாளர் ஸ்டான்லி ராதரின் வாழ்வு இங்கே ஒளிவீசுகிறது. அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்து உழவர் மகன் அவர். இலத்தீன் படிப்பில் தோற்றுக் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். வேறொரு குருமடத்தில் தொடர்ந்து பயின்று 1963-இல் குருவானார். 1968-இல் குவாத்தமாலாவின் சாந்தியாகோ அத்தித்லான் பங்குக்கு வந்தார். இலத்தீன் ஏறாத அந்நாவில் ஸ்பானியம் ஏறிற்று. அதனினும் கடினமான சூத்துஹில் என்னும் மாயா மொழியும் ஏறிற்று. மக்களின் குடிசைகளில் அவர்களோடு உண்டு, அவர்களோடு உழுது, அவர்கள் மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய பங்கின் முயற்சியால் புதிய ஏற்பாடு அம்மொழியில் வெளிவந்தது. அந்நாட்டில் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் கொடுமை மிகுந்த நாட்களில், 1981-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், தம் பங்கு இல்லத்திலேயே கொல்லப்பட்டார். 2017-இல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. மொழி கற்பது மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. யாரோடு வாழ்கிறோமோ அவர்களுக்கு உரியவராவதற்கு என்பதை அவர் தம் குருதியால் எழுதினார்.

அப்போரில் இறந்தோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே ஆந்திகுவாவின் மேசைகளில் சில வேளை திடீரென ஒரு மௌனம் கவியும். சுவரிலுள்ள ஒரு புகைப்படத்தைப் பற்றிக் கேட்டதும் வீட்டம்மாள் பேச்சை மாற்றிக்கொள்ளக்கூடும். அப்போது மேலும் கிளறாமல் இருப்பதும் மொழிப் பயிற்சியே. மௌனங்களையும் கற்க வேண்டும் என்று இல்லிச் சொன்னது அதனைத்தான்.

புறப்படுவோர்க்குச் சில சொற்கள்

பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் நாம் கூற விரும்புவன சில.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே தெளிவாகக் கேளுங்கள்: அவ்வீட்டில் வேறு மாணவர் எத்தனை பேர்? நாலைந்து பேர் ஒருங்கே தங்கினால் அது இல்லமன்று, விடுதி. மேசையில் ஆங்கிலமே ஒலிக்கும். கட்டும் பணத்தில் குடும்பத்தைச் சேரும் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். அது நாகரிகக் குறைவன்று, நீதியுணர்வு.

உணவில் ஆகாதது எது, உடல்நிலை எத்தகையது என்பதை முன்னரே அறிவித்துவிடுங்கள். வீடு பாதுகாப்பாகத் தோன்றாவிடில், அல்லது மனத்திற்கு ஒவ்வாவிடில், உடனே பள்ளியில் தெரிவித்து வேறு வீடு கேட்கலாம். இதில் கூச்சம் வேண்டா. குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லி அனுப்புங்கள்.

எல்லா வீடும் கத்தோலிக்க வீடாக இராது. அந்நாட்டில் பிற கிறிஸ்தவ சபையினரும் பெருந்தொகையினர். உணவுக்கு முன் அவர்கள் செபிக்கும்போது தலைவணங்கி உடனிருங்கள், வாதிடப் புகவேண்டா. கத்தோலிக்க வீடாயின், ஞாயிறு திருப்பலிக்கு அவர்களோடு செல்லுங்கள். ஏற்கெனவே நமக்குத் தெரிந்த செபங்களைப் புதிய மொழியில் கேட்பதைப்போல எளிய பாடம் வேறில்லை.

பிழைக்கு அஞ்சாதீர்கள். சொல் வராவிடில் கையால் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் மாயா மொழி அறிந்தவராயின், அவர் வாயால் ஒரு வணக்கச் சொல்லையேனும் கற்றுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியபின் ஒரு மடலேனும் எழுதுங்கள். அவர்கள் கற்பித்த மொழியிலேயே எழுதுங்கள். அந்த மடலைப் படிக்கும் அம்மையாருக்குத் தன் உழைப்பின் பயன் அப்போது கண்முன் தெரியும்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஒன்பது இரவுகளில் குவாத்தமாலாவில் 'போசாதா' என்னும் பவனி நடைபெறுகிறது. அச்சொல்லுக்குப் பொருள் 'தங்குமிடம்'. இவ்வழக்கத்தை அங்கே பரப்பியவர் நாம் முன்னர்க் கண்ட புனித பேத்ரோவே என்பது மரபு. சூசையப்பர், மரியன்னை திருவுருவங்களைச் சுமந்து, விளக்கேந்தி, ஆமை ஓட்டில் தாளம் தட்டியவாறு மக்கள் ஒரு வீட்டின் கதவை அடைவர். வெளியே நிற்போர் இடம் கேட்டுப் பாடுவர். உள்ளே இருப்போர் மறுத்துப் பாடுவர். பலமுறை கேட்டபின் கதவு திறக்கும். வந்தவர் அனைவர்க்கும் சூடான பானமும் பலகாரமும் கிடைக்கும்.

மொழி கற்கச் செல்லும் நம் பிள்ளையும் அவ்வாறு கதவருகே நிற்பவரே. கதவைத் திறக்கும் அந்நியத் தாய் ஒருத்திக்காக இம்மாதம் நம் குடும்ப செபமாலையில் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். நம் ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்து, நம் மொழி அறியாமல் கடையிலும் பேருந்திலும் விழித்து நிற்கும் வடபுலத்துத் தொழிலாளி ஒருவரை அடுத்த முறை காணும்போது, அவர் சொல்லும் அரைகுறைத் தமிழைக் கேட்டுச் சிரியாமல், முழுச் சொல்லையும் ஒருமுறை மெல்லச் சொல்லிக் கொடுப்போம்.